பில் போடத் தாமதமா? கணனியை மாற்றுமுன் கடிகாரத்தைப் பாருங்கள்

அட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பொகவந்தலாவ என்று எந்தக் கடைவீதிக்குப் போனாலும் வர்த்தகர்களிடம் இப்போது ஒரு பொதுவான முறைப்பாடு இருக்கிறது. "சிஸ்டம் ஸ்லோ." பொருளை எடுத்து வைத்துவிட்டு வாடிக்கையாளர் நிற்கிறார், கல்லாவில் உள்ள பிள்ளை திரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது, முதலாளி இருவரையும் பார்த்துக்கொண்டு நிற்கிறார். திரையில் ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

இந்நிலை வந்ததும் நம்மில் பெரும்பாலானோர் செய்வது ஒன்றுதான். கணனி பழசாகிவிட்டது என்று முடிவு கட்டி, கண்டிக்கோ கொழும்புக்கோ தொலைபேசி எடுத்து, புதிய கணனிக்கு விலை கேட்கிறோம். இரண்டு இலட்சம், மூன்று இலட்சம் என்று செலவாகிறது. புதிய கணனி வந்த முதல் வாரம் நன்றாகத்தான் இருக்கும். அடுத்த மாதம் 10ஆம் திகதி தோட்டத்துச் சம்பளம் கிடைத்து ஆட்கள் இறங்கி வரும்போது பழைய வட்டம் மறுபடியும் சுற்றத் தொடங்கும்.

நான் கணனி படித்தவன் அல்லன். எங்கள் காலத்தில் பாடசாலையில் கணனி இருக்கவில்லை. ஆனால் கடையில் இருந்து கணக்குப் பார்த்தே வயது ஐம்பதைத் தாண்டியவன். ஒரு வியாபாரம் நட்டப்பட்டால் எந்தச் சரக்கில், எந்தக் கிழமையில், யார் கையில் நட்டம் என்று பிரித்துப் பார்ப்போம் அல்லவா? தாமதத்தையும் அதே மாதிரிப் பிரித்துப் பார்க்கலாம். அதற்குப் பொறியியலாளர் தேவையில்லை. ஒரு கொப்பியும் செக்கன் முள் உள்ள கடிகாரமும் போதும்.

இது வெறும் பொறுமை சம்பந்தப்பட்ட விடயம் என்று நினைக்க வேண்டாம். சென்ற வருடம் தலவாக்கலையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஒரு நண்பரிடம் தோட்டத்துப் பெண்மணி ஒருவர் தமது கடன் கொப்பியைக் கொண்டுவந்து காட்டினார். "மொதலாளி, நான் ஒரு தடவதான் சாமான் வாங்குனேன், ரெண்டு தடவ எழுதியிருக்கு" என்றார். கணனியில் பார்த்தால் அதே பொருட்கள், அதே தொகை, 4,860 ரூபா, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு பில். காரணம் எளிது. கல்லாவில் இருந்த தம்பி பொத்தானை அழுத்தியிருக்கிறார், திரை அசையவில்லை, அழுத்துப்படவில்லை என்று நினைத்து மறுபடியும் அழுத்தியிருக்கிறார். மென்பொருள் இரண்டையும் ஏற்றுக்கொண்டுவிட்டது. அந்தப் பெண்மணி கொப்பியைப் பார்க்கத் தெரிந்தவர், கேட்டார். கேட்காமல் கொடுத்துவிட்டுப் போனவர்கள் எத்தனை பேர் என்று நண்பர் அன்று இரவு முழுக்கப் பில்களைப் புரட்டினார். பதினொரு பேர் அகப்பட்டார்கள். கடன் கணக்கு என்பது அமானிதம். மலைநாட்டில் நமது கடைகள் தலைமுறை தலைமுறையாக நிற்பது அந்த நம்பிக்கையின் மேல்தான். தாமதம் அதில் கை வைக்கும்போது அது கணனிப் பிரச்சினையாக மட்டும் இருப்பதில்லை.

மனிதன் எவ்வளவு நேரம் பொறுப்பான் என்பதைப் பற்றி 1968ஆம் ஆண்டிலேயே ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ரொபர்ட் மில்லர் என்பவர் எழுதியிருக்கிறார். பின்னர் 1993இல் ஜேக்கப் நீல்சன் என்ற டென்மார்க்காரர் அதை மூன்று எல்லைகளாகச் சுருக்கிச் சொன்னார். பத்தில் ஒரு செக்கனுக்குள் பதில் வந்தால் உடனே வந்ததாகத் தோன்றும். ஒரு செக்கன் வரை சென்றால் தாமதம் தெரியும், ஆனால் வேலையின் ஓட்டம் அறுபடாது. பத்துச் செக்கன் தாண்டினால் மனம் வேறு எங்கோ போய்விடும். நமது கல்லாப் பிள்ளை இரண்டாம் முறை பொத்தானை அழுத்துவது இந்த ஒரு செக்கனுக்கும் பத்துச் செக்கனுக்கும் இடையில்தான். அவரைக் கண்டித்துப் பயனில்லை.

வேலை நேரம் வேறு, காத்திருக்கும் நேரம் வேறு

தாமதத்தைப் பற்றிப் பேசும்போது முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒரு பில் முடிய எடுக்கும் நேரத்தில் ஒரு பகுதி உண்மையில் வேலை நடக்கும் நேரம். மற்றப் பகுதி தன் முறைக்காகக் காத்து நிற்கும் நேரம். கணனிக்குள்ளும் இப்படித்தான், கடைக்குள்ளும் இப்படித்தான்.

கோப்பன்ஹேகன் தொலைபேசிக் கம்பனியில் வேலை பார்த்த ஏர்லாங் என்ற கணித அறிஞர் தொலைபேசி அழைப்புகளைப் பற்றிய தமது முதல் கட்டுரையை 1909இல் வெளியிட்டார். எத்தனை அழைப்பு வந்தால் எத்தனை இணைப்பு தேவை என்பதே அவர் ஆராய்ந்த விடயம். வரிசை பற்றிய கணக்கு முழுவதும் அங்கிருந்து வளர்ந்ததுதான். அதை நமது கடைக்குப் பொருத்திப் பார்ப்போம்.

ஒரு கல்லா. ஒரு பில்லுக்குச் சராசரியாக ஒரு நிமிடம். ஆட்கள் ஒழுங்கில்லாமல் வருகிறார்கள், சிலருக்கு நேரம் கூடும், சிலருக்குக் குறையும். மணிக்கு 30 பேர் வந்தால் கல்லா பாதி நேரம் சும்மா இருக்கும். அப்போதும் ஒருவர் வரிசையில் நின்று வெளியே போகச் சராசரியாக 2 நிமிடம் ஆகும். மணிக்கு 48 பேர் என்றால் அது 5 நிமிடம். 54 பேர் என்றால் 10 நிமிடம். 57 பேர் என்றால் 20 நிமிடம். கவனியுங்கள், 54க்கும் 57க்கும் மூன்று பேர்தான் வித்தியாசம். காத்திருப்போ இரட்டிப்பாகிவிட்டது. "நேற்று நன்றாகத்தானே இருந்தது, இன்று மட்டும் ஏன் இப்படி" என்று நாம் திகைப்பதற்குக் காரணம் இதுதான். எதுவும் பழுதாகியிருக்க வேண்டும் என்பதில்லை. கொள்ளளவின் விளிம்புக்கு வந்துவிட்டோம், அவ்வளவே.

இதன் மறுபக்கம் வர்த்தகருக்கு மகிழ்ச்சியான செய்தி. அதே 54 பேர் வருகிறார்கள். ஒரு பில்லுக்கு ஆகும் நேரத்தை 60 செக்கனில் இருந்து 45 செக்கனாகக் குறைத்துவிட்டோம் என்று வைப்போம். மிச்சம் பிடித்தது 15 செக்கன்தான். ஆனால் வாடிக்கையாளர் நிற்கும் நேரம் 10 நிமிடத்தில் இருந்து ஏறத்தாழ 2 நிமிடம் 20 செக்கனாக இறங்கிவிடும். 1961இல் ஜோன் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் நிரூபித்த ஒரு விதி உண்டு. வருகிறவர்களின் வேகத்தை அவர்கள் நிற்கும் நேரத்தால் பெருக்கினால் ஒரே நேரத்தில் எத்தனை பேர் நிற்பார்கள் என்று தெரியும். அதன்படி முன்பு கல்லா முன் ஒன்பது பேர் நின்ற இடத்தில் இப்போது இரண்டு பேர் நிற்பார்கள். மழை நாளில் வாசலில் ஒன்பது பேர் நிற்பதைக் கண்டு அடுத்த கடைக்குப் போகும் பத்தாவது ஆளை நாம் பார்ப்பதே இல்லை.

ஆகவே நெரிசல் நேரத்தில் ஒரு செக்கனுக்கும் பெறுமதி உண்டு. நெரிசல் இல்லாத நேரத்தில் அளந்து பார்த்துவிட்டு "எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போகும் தொழில்நுட்பத் தம்பிமாரின் பேச்சை ஏற்றுக்கொள்ளக் கூடாது. காலை பத்து மணிக்கு வந்து பார்த்தால் எந்தக் கணனியும் நல்ல கணனிதான்.

இந்திய ரயில்வே செய்த வேலை

சென்னைக்கும் திருச்சிக்கும் போய்வரும் நமது சகோதரர்களுக்குத் தத்கால் பயணச்சீட்டு பற்றித் தெரிந்திருக்கும். பயணத்துக்கு முதல் நாள் அவசரமாகப் பதிவு செய்யும் முறை. ஐ.ஆர்.சி.டி.சி. என்ற நிறுவனம் 2002ஆம் ஆண்டு முதல் இணைய வழியாகப் பயணச்சீட்டு விற்றுவருகிறது. தத்கால் திறக்கும் நேரத்தில் அந்தத் தளம் அசையாது என்பது ஒரு காலத்தில் இந்தியா முழுவதும் தெரிந்த விடயம். நாள் முழுக்க ஓரளவு ஓடும் தளம், அந்தக் குறிப்பிட்ட நிமிடங்களில் மட்டும் உறைந்துவிடும்.

அவர்கள் இதற்கு எடுத்த நடவடிக்கைகளின் வரிசை நமக்கு ஒரு பாடம். 2012 ஜூலையில் தத்கால் பதிவு தொடங்கும் நேரத்தைக் காலை 8 மணியில் இருந்து 10 மணிக்கு மாற்றினார்கள். ஏனென்றால் 8 மணிக்குத்தான் சாதாரண முன்பதிவும் திறக்கும். இரண்டு கூட்டமும் ஒரே வாசலில் முட்டிக்கொண்டிருந்தன. இதற்கு ஒரு கணனியும் வாங்க வேண்டியிருக்கவில்லை. பின்னர் 2014இல் புதிய பதிவு முறைமை வந்தது. நிமிடத்துக்கு 2,000 பயணச்சீட்டு என்றிருந்த கொள்ளளவு 7,200 ஆக உயர்த்தப்பட்டது, ஒரே நேரத்தில் 120,000 பேர் உள்ளே இருக்கலாம் என்றும் அறிவித்தார்கள். இது பெரிய முதலீடு. அவ்வளவு செலவு செய்த பிறகும் 2015 ஜூனில் மறுபடி நேரத்தைப் பிரித்தார்கள். குளிரூட்டிய வகுப்புகளுக்கு 10 மணி, மற்ற வகுப்புகளுக்கு 11 மணி என்று. மூன்று மடங்குக்கு மேல் கொள்ளளவைப் பெருக்கிய நிறுவனமே கூட்டத்தைப் பிரிக்காமல் முடியாது என்று கண்டது.

நாமும் இதை அனுபவித்தவர்கள்தான். 2022இல் எரிபொருள் வரிசைகள் கிலோமீற்றர் கணக்கில் நீண்டபோது, வாகன இலக்கத் தகட்டின் கடைசி இலக்கத்தை வைத்து நாளைப் பிரித்ததும், கியூ.ஆர். குறியீட்டின் மூலம் வாராந்த அளவை வரையறுத்ததும் நினைவிருக்கும். பம்புகளின் எண்ணிக்கை கூடவில்லை. வரிசை குறைந்தது.

கொப்பியில் என்ன எழுதுவது?

தலவாக்கலை நண்பரின் கடைக்கு வருகிறேன். அவருக்கு மூன்று கல்லா. மாடியில் ஒரு அலுவலக அறை, அங்கே கணக்கு எழுதும் தம்பிக்கு ஒரு கணனி. எல்லாத் தரவும் பின்னறையில் உள்ள ஒரு கணனியில் இருக்கிறது, மற்றவை கேபிள் வழியாக அதிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. இரட்டைப் பில் பிரச்சினைக்குப் பிறகு புதிய சேவருக்கு மூன்றரை இலட்சம் ரூபாவுக்கு விலை கேட்டு வைத்திருந்தார். "நானா, வாங்கிப் போடுவமா?" என்று என்னிடம் கேட்டார். "மூன்று நாள் பொறுங்கள், ஒரு கொப்பி வாங்குங்கள்" என்றேன்.

ஒவ்வொரு கல்லாவிலும் கொப்பியில் ஐந்து நிரல். நேரம், எந்தக் கல்லா, காசுப் பில்லா கடன் பில்லா, எத்தனை பொருள், பொத்தானை அழுத்தியதில் இருந்து கடதாசி வெளியே வரும் வரை எத்தனை செக்கன். எல்லாப் பில்லுக்கும் எழுத முடியாது, பத்துக்கு ஒன்று போதும். சம்பள நாளும் உள்ளடங்கும்படி 9, 10, 11ஆம் திகதிகளில் எழுதச் சொன்னேன். முதல் நாள் கல்லாப் பிள்ளைகளுக்கு இது பிடிக்கவில்லை. தங்களைக் கண்காணிக்கிறார்கள் என்று நினைத்தார்கள். கணனியைத்தான் அளக்கிறோம் என்று சொன்ன பிறகு அவர்களே மிகவும் ஆர்வமாக எழுதினார்கள். அவர்களைப் போல அந்த வட்டத்தை வெறுப்பவர் வேறு யார்?

மூன்றாம் நாள் கொப்பியைப் பார்த்தபோது "சிஸ்டம் ஸ்லோ" என்ற ஒரு நோய் இருக்கவில்லை, மூன்று நோய்கள் இருந்தன.

காசுப் பில் எல்லாக் கல்லாவிலும் 2, 3 செக்கனில் முடிந்திருந்தது. கணனி பழசு என்றால் அதுவும் தாமதமாகியிருக்க வேண்டும். கடன் பில் மட்டும் முதல் இரண்டு கல்லாவில் 9 செக்கன் அளவில். மூன்றாவது கல்லாவில் அதே கடன் பில் 23 செக்கன். பின்னேரம் நான்கரை மணிக்குப் பிறகோ எல்லாக் கல்லாவிலும் எல்லாப் பில்லும் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு. ஆறு மணிக்கு மேல், கூட்டம் அப்படியே இருக்க, மறுபடி குறைந்திருந்தது. இது விசித்திரமாக இருந்தது. கூட்டம் காரணம் என்றால் ஆறு மணிக்கு ஏன் குறைய வேண்டும்?

முதலில் கடன் பில்லை எடுத்துக்கொள்வோம். நமது வாப்பாமார் காலத்தில் நாளேடு ஒன்றும் பேரேடு ஒன்றும் இருந்தது. அன்றன்று நடப்பது நாளேட்டில். அதிலிருந்து ஒவ்வொரு ஆளின் பக்கத்துக்கும் பேரேட்டில் ஏற்றி, பக்கத்தின் அடியில் நிலுவை எழுதுவார்கள். ஒருவர் வந்து "என் கணக்கு எவ்வளவு?" என்றால் அவரது பக்கத்தைத் திறந்து கடைசி வரியைப் பார்த்துச் சொல்லிவிடலாம். இந்த மென்பொருளில் பேரேடு இல்லை! ஒவ்வொரு முறையும் நிலுவையைக் காட்டுவதற்கு ஆறு வருட நாளேட்டை முதல் பக்கத்தில் இருந்து கடைசிப் பக்கம் வரை படித்து, அந்த ஆளின் பெயர் வரும் வரிகளைப் பொறுக்கிக் கூட்டிக்கொண்டிருந்தது. கடை திறந்த முதல் வருடம் நாளேடு சிறியது, யாருக்கும் தெரியவில்லை. வருடத்துக்கு வருடம் தடித்துக்கொண்டே வந்தது. ஆட்கள் கூடாமலே வேகம் குறைந்தது. படிப்படியாக, மாதத்துக்கு மாதம் தாமதம் கூடுகிறது என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். இதற்குக் கணனிக்காரர்கள் 'இன்டெக்ஸ்' என்று சொல்வார்கள், பேரேட்டின் முன்பக்கத்தில் பெயர் வரிசையும் பக்க இலக்கமும் எழுதுவோமே, அதுதான். அதை அமைத்துக் கொடுப்பது மென்பொருள் செய்தவருக்குச் சில மணி நேர வேலை.

மூன்றாவது கல்லா ஏன் 23 செக்கன்? இங்கேதான் அளந்து பார்ப்பதன் பயன் தெரிந்தது. அந்த நாளேட்டின் அளவு சுமார் 200 மெகாபைட். மென்பொருள் பழைய முறையில் அமைந்தது. அதாவது, தேடும் வேலையைப் பின்னறைக் கணனி செய்வதில்லை. முழு நாளேட்டையும் கேபிள் வழியாகக் கல்லாவுக்கே இழுத்து அங்கே வைத்துப் படிக்கிறது. கேபிள் செக்கனுக்கு 1,000 மெகாபிட் வேகத்தில் ஓடினால் 200 மெகாபைட் வந்து சேர இரண்டு செக்கனுக்கும் குறைவு. 100 மெகாபிட் வேகம் என்றால் 16 செக்கன். மூன்றாவது கல்லாவின் கணனியில் இணைப்பின் வேகத்தைத் திறந்து பார்த்தோம். 100 என்று காட்டியது, மற்ற இரண்டும் 1,000. இந்தக் கேபிளுக்குள் நான்கு சோடிக் கம்பி இருக்கிறது. 1,000 வேகத்துக்கு நான்கும் வேண்டும். ஒரு சோடி தொடர்பு விட்டாலும் கணனி சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும், முறைப்பாடு எதுவும் காட்டாது. கேபிள் சுவரோடு ஒட்டி, ஒழுக்குப் படும் மூலையால் போயிருந்தது. தலைப்பகுதியில் பச்சை பூத்திருந்தது. எங்கள் பிரதேசத்தில் மூடுபனியும் ஈரமும் வருடத்தில் பாதி நாள், உப்பே கட்டியாகிவிடுகிறது, செம்பு மட்டும் தப்புமா? புதிய கேபிளும் இரண்டு தலைகளும் போட்டார்கள். ஒரு மூட்டை சீனியின் விலைகூட ஆகவில்லை. கல்லா மூன்றும் ஒரே வேகத்துக்கு வந்தன.

நான்கரை மணி மர்மத்தை அவிழ்த்தது கல்லாவில் இருந்த பிள்ளைதான். "நாலரைக்குத்தான் மேல இருக்கிற நானா ரிப்போர்ட் எடுப்பார்" என்றது. கணக்கு எழுதும் தம்பி ஐந்தே முக்கால் பஸ்ஸுக்குப் போக வேண்டும். ஆகவே நான்கரைக்கு அன்றைய விற்பனை, இருப்பு, கடன் பட்டியல் எல்லாவற்றையும் எடுக்கத் தொடங்குவார். அது முழு நாளேட்டையும் பல தடவை படிக்கும் வேலை. அவர் படிக்கும்போது ஹார்ட் டிஸ்க் அவரிடம் சிக்கிக்கொள்ளும். சில அறிக்கைகள் ஓடும்போது மென்பொருள் தரவைப் பூட்டிவிடும், பூட்டுத் திறக்கும் வரை கல்லாக்கள் வாசலில் நிற்கும். தோட்டத்து ஆட்கள் வேலை முடித்து வரும் அதே நேரம். ஆறு மணிக்கு அவர் பஸ் ஏறிவிடுவார், கடை சுகமாகிவிடும். அறிக்கையைக் காலை எட்டு மணிக்கு, முதல் நாளுக்குரியதாக எடுப்பது என்று தீர்மானித்தார்கள். அவருக்கு முதலில் கொஞ்சம் மனத்தாங்கல். பிறகு ஐந்து மணி பஸ்ஸுக்கே போகலாம் என்று தெரிந்ததும் சரியாகிவிட்டது. ரயில்வே 2012இல் செய்தது இதைத்தான்.

ஹார்ட் டிஸ்க் என்றேன். அதையும் ஒரு கணக்காகப் பார்க்கலாம். பழைய வகை டிஸ்க் நிமிடத்துக்கு 7,200 தடவை சுற்றுகிறது, அதாவது செக்கனுக்கு 120 சுற்று. தேவையான இடம் ஊசியின் கீழ் வரச் சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருக்க வேண்டும். ஊசி நகரும் நேரமும் சேர்ந்தால் செக்கனுக்கு நூறு இடங்களைத் தொடுவதே பெரிய காரியம். ஒரு வேலைக்கு ஐந்நூறு இடங்களைத் தொட வேண்டும் என்றால் ஐந்து செக்கன் போய்விடும், கணனியின் மூளை எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் சரி. எஸ்.எஸ்.டி. எனப்படும் சுழலாத வகை டிஸ்க் செக்கனுக்குப் பல ஆயிரம் இடங்களைத் தொடும். ஆகவே நெரிசல் நேரத்தில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்றையும் ஒன்றாக அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் நின்று, சி.பி.யு. 10, 15 சதவீதத்தில் இருந்தால், மூளை சும்மா இருக்கிறது, கைதான் ஓயவில்லை என்று அர்த்தம். அப்போது டிஸ்க்கை மட்டும் மாற்றினால் போதும், முழுக் கணனியையும் அல்ல. இரண்டும் சும்மா இருக்க, பில் மட்டும் நிற்கிறது என்றால் பூட்டு, கேபிள், அல்லது பிரிண்டர். பிரிண்டரைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எப்போதோ கழற்றி வைத்த பழைய பிரிண்டரை மென்பொருள் இன்னும் தேடிக்கொண்டிருக்கும் கடைகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. திடீரென்று ஒரு நாளில் எல்லாமே மந்தமாகி, டிஸ்க்கில் இருந்து 'டிக் டிக்' என்ற சத்தமும் வந்தால் அளந்துகொண்டிருக்க வேண்டாம். அது சாகப்போகும் டிஸ்க்காக இருக்கலாம். முதல் வேலை பிரதி எடுப்பது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்ததே, அந்தக் காலத்தில் யூ.பி.எஸ். இல்லாமல் அணைந்து எழும்பிய கணனிகளில் எத்தனையோ கடைகளின் தரவு பழுதாகியது.

கிளவுட் முறைக்கு மாறியவர்களுக்கு

இப்போது பலர் மாத வாடகைக்குக் கிளவுட் மென்பொருள் எடுத்திருக்கிறார்கள். தரவு கடையில் இல்லை, எங்கோ வெளிநாட்டில் இருக்கிறது. நல்லதுதான், கடையில் டிஸ்க் செத்தாலும் கணக்குப் போகாது. ஆனால் இங்கே தாமதத்தின் தன்மை வேறு. ஒரு கேள்வி போய்ப் பதில் திரும்ப 80 மில்லி செக்கன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண் இமைக்கும் நேரத்திலும் குறைவு. ஆனால் ஒரு பில் போடுவதற்கு மென்பொருள் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக விலை கேட்டு, இருப்புக் கேட்டு, நாற்பது தடவை போய்வந்தால் 3 செக்கனுக்கு மேல் ஆகிவிடும். இதற்கு இணைய வேகத்தைக் கூட்டிப் பயனில்லை. அகலமான பாதை போட்டாலும் தூரம் தூரம்தான். நாற்பது சாமானுக்கு நாற்பது தடவை குடோனுக்குப் போகாமல் ஒரு பட்டியலாக எழுதி ஒரே தடவை போய்வருமாறு மென்பொருள்காரர்தான் திருத்த வேண்டும்.

தொலைபேசிக் கோபுரத்தின் மூலம் இணையம் எடுப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஏப்ரல் வசந்தகாலத்தில் நுவரெலியாவில் சிக்னல் கோடு நிறைய இருக்கும், ஆனால் எதுவும் திறக்காது. கோபுரமும் ஒரு கல்லாதான், அங்கேயும் வரிசை உண்டு. சந்தேகம் வந்தால் தாமதமான அதே நேரத்தில் வேறு கம்பனியின் சிம் உள்ள தொலைபேசியில் இருந்து ஹொட்ஸ்பொட் எடுத்து ஒரு பில் போட்டுப் பாருங்கள். வேகமாக வந்தால் குற்றம் மென்பொருளில் இல்லை, பாதையில். அதே தாமதம் என்றால் மென்பொருள்காரரை அழையுங்கள்.

அழைக்கும்போது எப்படிப் பேசுவது என்பதும் முக்கியம். "ஸ்லோவா இருக்கு" என்றால் "கணனி பழசு, மாத்துங்க" என்ற பதில்தான் வரும். நண்பர் தமது மென்பொருள் நிறுவனத்தை ஏழெட்டுத் தடவை அழைத்து இந்தப் பதிலைத்தான் வாங்கியிருந்தார். கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "காசுப் பில் 3 செக்கன், கடன் பில் 9 செக்கன், அதே கணனி, அதே நேரம். கடன் பில்லில் மட்டும் நீங்கள் கூடுதலாக என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டபோது மறுமுனையில் சிறிது நேரம் சத்தமில்லை. அடுத்த வாரம் ஆள் வந்தார். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் நிலுவையைத் தனியாக எழுதி வைக்கும்படியும், இன்டெக்ஸ் அமைத்தும், பொத்தானை ஒரு தடவை அழுத்தினால் பதில் வரும் வரை மறுபடி அழுத்த முடியாதபடியும் திருத்திக் கொடுத்தார். கடைசியாகச் சொன்ன திருத்தத்துக்கு வேகத்தோடு சம்பந்தமில்லை. ஆனால் என்னைக் கேட்டால் அதுதான் முதலில் செய்திருக்க வேண்டியது.

வேகத்துக்காகப் பழைய வருடங்களின் தரவை அழித்துவிடலாம் என்று அந்தத் தொழில்நுட்பத் தம்பி ஒரு யோசனையும் சொன்னார். நண்பர் மறுத்துவிட்டார், அது சரிதான். வரித் திணைக்களம் கேட்டால் காட்ட வேண்டும், வாடிக்கையாளர் கேட்டாலும் காட்ட வேண்டும். பேரேடு ஒழுங்காக இருந்தால் நாளேடு எவ்வளவு தடித்தாலும் கல்லாவுக்குச் சுமை இல்லை.

அடுத்த மாதம் 10ஆம் திகதி கொப்பியில் கடன் பில்லுக்கு எதிரே 2, 3 என்ற இலக்கங்கள்தான் இருந்தன. வேலை நேரம் குறைந்ததால் வரிசையும் சுருங்கியது. ஆனாலும் பின்னேரம் ஐந்தில் இருந்து ஆறு வரை இன்னும் ஆட்கள் நிற்கத்தான் செய்கிறார்கள். இப்போது அந்த நேரத்தை எடுப்பது கணனி அல்ல, அரிசி நிறுப்பது. அரிசியையும் மாவையும் சீனியையும் ஒரு கிலோ, இரண்டு கிலோ, ஐந்து கிலோ என்று 9ஆம் திகதி இரவே நிறுத்துப் பொதி செய்து வைக்க நண்பர் ஆள் போட்டிருக்கிறார். தீபாவளி முற்பணம் கொடுக்கும் வாரத்துக்கு நான்காவது கல்லா ஒன்றை அந்த வாரத்துக்கு மட்டும் திறப்பதா என்பது பற்றிக் கொப்பியைப் பார்த்துத் தீர்மானிக்கப் போகிறார். மூன்றரை இலட்சத்துக்குக் கேட்ட அந்த விலைப் பட்டியல் இன்னும் அவரது மேசை லாச்சியில் இருக்கிறது. பின்னறைக் கணனிக்கு ஒரு எஸ்.எஸ்.டி. மட்டும் வாங்கினார். பழைய டிஸ்க்கை மற்றொரு பிரதி எடுத்து வைக்க வீட்டுக்குக் கொண்டு போய்விட்டார்.